மாமனார் வேட்டியும் தாமிரபரணித் தண்ணீரும்

சொந்த ஊரை முழுதாகச் சுற்றிப் பார்த்தவர் எந்த ஊரிலும் இருக்கமாட்டார். வெளியூர்க்காரர்கள் ரயிலேறி வந்து, அறை எடுத்து, வெயிலில் அலைந்து பார்த்துவிட்டுப் போகிற இடத்தையெல்லாம் உள்ளூர்க்காரர் "அது எங்க போயிரப் போவுது, பைய பாத்துக்கிடலாம்" என்று ஒத்திவைத்தே காலத்தைக் கழித்திருப்பார். ஆனால் பேசச் சொன்னால் மட்டும், ஊர்க் கோயிலைக் கட்டும்போது கல் சுமந்தவரைப் போலப் பேசுவார். நான் அந்த ரகம். அதிலும் திருநெல்வேலிக்காரி. எங்களுக்கெல்லாம் ஊர்ப்பெருமை ரேஷன் கார்டோடு சேர்த்தே வழங்கப்படுகிறது.

என் பெயர் காந்திமதி. சென்னை அலுவலகத்தில் சுருக்கி 'மதி' ஆக்கிவிட்டார்கள் (பெயருக்கு முன்னால் இருந்த காந்தியை எடுத்துவிட்டால் மதி மட்டும் மிஞ்சும் என்ற தப்பான எண்ணம் யாருக்கோ இருந்திருக்கிறது). மதியச் சாப்பாட்டு வேளையில் நான் பேச்சை எங்கே தொடங்கினாலும் தாமிரபரணியில்தான் முடிப்பேன். எங்கள் அல்வா ருசிப்பது அந்தத் தண்ணீரால். எங்கள் சோறு மணப்பது அந்தத் தண்ணீரால். நாங்கள் அறிவாளிகளாக இருப்பதும், மன்னிக்கவும், அந்தத் தண்ணீரால்தான். கேட்கிறவர்கள் ஒவ்வொருவராக டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்து போய்விடுவார்கள். கடைசிவரை உட்கார்ந்து கேட்டவன் ரகு ஒருவன்தான். அப்படித்தான் காதல் வந்தது.

ரகு என்கிற ரகுராமனுக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். அவனுடைய அப்பா பாசனத்துறை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். காவிரித் தண்ணீரை எந்த வாய்க்காலுக்கு எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று பார்த்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். எங்கள் விஷயத்தை ரகு வீட்டில் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. போனில் நிதானமாகச் சொன்னது பக்கத்தில் இருந்த என் காதிலும் விழுந்தது.

"பொண்ணைப் பத்திக் குறை ஒண்ணும் இல்லடா. ஆனா ரொம்ப தூரம். மண்ணு வேற, தண்ணி வேற, பழக்கம் வேற. ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துதான் எதுவும் சொல்வேன்." பிறகு, "அது சரி, திருச்சிக்குத் தெற்கே ஆறுன்னு சொல்லிக்கற மாதிரி என்ன இருக்கு?" என்றார்.

கல்யாணத்துக்கு மறுப்புச் சொல்லியிருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை மூவரும் எங்கள் திருநெல்வேலி வீட்டில் வந்து இறங்கினார்கள். ரகு, அவன் அப்பா, அம்மா. பெரியவர்களை நான் அன்றைக்கே 'மாமா', 'அத்தை' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன் (முடிவு தெரியாவிட்டாலும் முறையை விடக்கூடாது பாருங்கள்). மாமா தும்பைப்பூ போல வெள்ளை வேட்டியும் மடிப்புக் கலையாத சட்டையுமாக இருந்தார். என் அப்பாவோ, வருகிறவர் அதிகாரி என்பதால், வழக்கமான வேட்டியை விட்டுவிட்டு, எப்போதோ தைத்த பேண்ட்டைப் போட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா சமையலறையில் சொதிக்குத் தேங்காய்ப் பால் எடுக்க ஆரம்பித்திருந்தாள். சொதி எங்கள் ஊரில் மாப்பிள்ளை விருந்துக்கு வைக்கிற குழம்பு. அதை வைத்துவிட்டால் பாதி சம்மதம் வாங்கிய மாதிரி என்பது அவள் கணக்கு.

கிளம்பும்போது என்னைத் தனியே இழுத்துச் சொன்னாள்: "ஏட்டி, வாய அடக்கிக்கிட்டு போயிட்டு வா. ஊரை அவுகளே பாத்துக்கிடுவாக. நீ காட்டாண்டாம்."

இதைக் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

ஏழு பேர் உட்காரும் வாடகைக் காரை ஓட்டி வந்தவர் மேலப்பாளையம் மைதீன் அண்ணன். அப்பாவும் கூட வந்தார். முதலில் நெல்லையப்பர் கோயில். ஒவ்வொரு பரீட்சைக்கும் முந்தின நாள் அம்மன் சந்நிதிக்கு ஓடிய பழக்கம் எனக்கு உண்டு. நேரே போய், கும்பிட்டு, நேரே திரும்பிவிடுவேன். இடப்பக்கம் வலப்பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. ஆனாலும் அன்று கைகளை ஆட்டி ஆட்டி விளக்கம் சொன்னேன். மாமா எதைக் காட்டிக் கேட்டாலும் "பாண்டியர் காலம் மாமா" என்றேன். ஓரிடத்தில் அவர் காட்டியது தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சமீபத்தில் பூசிய சிமெண்டுத் திட்டு.

அடுத்து இசைத்தூண். கல்லைத் தட்டினால் சுரம் கேட்கும் என்று அலுவலகத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! கம்பீரமான ஒரு தூணின் முன்னால் எல்லோரையும் நிறுத்தி, "இப்பம் கேளுங்க" என்று விரல் முட்டியால் ஓங்கித் தட்டினேன். சுரம் வரவில்லை, விரல்தான் வலித்தது. மறுபடி தட்டினேன். மாமா தலையைச் சாய்த்துக் காதைத் தூணில் வைத்துக்கொண்டார். அத்தை பாவம், நல்ல மனசு. "லேசா கேக்கற மாதிரிதான் இருக்கு" என்றார்.

அப்போது பெங்களூரிலிருந்து வந்திருந்த ஒரு சுற்றுலாப் பெண்மணி என் தோளைத் தட்டினார். "மேடம், இது சும்மா கல்லு. மியூசிக் தூண் அந்தப் பக்கம் இருக்கு. நாங்க பாத்துட்டு வந்தோம். நீங்க இந்த ஊருக்குப் புதுசா?"

ரகு கூரையில் இருந்த சிற்பங்களை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினான்.

மானத்தை மீட்க எல்லோரையும் அல்வாக் கடைக்கு இழுத்துப்போனேன். சூடான அல்வாவை இலைத்துண்டில் வாங்கி நின்றபடியே சாப்பிடுவதுதான் முறை. நெய் முழங்கை வரைக்கும் வழியும். பழகியவர்கள் உடம்பை முன்னால் வளைத்துக்கொள்வார்கள். மாமாவுக்கு அது தெரியவில்லை, நானும் சொல்லவில்லை. அந்தத் தும்பைப்பூ வேட்டியில், முழங்காலுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு அல்வா உட்கார்ந்தது.

"ஒண்ணும் ஆவாது மாமா. தாமிரபரணித் தண்ணியில ஒரு அலசு அலசுனா கறை போன எடம் தெரியாது."

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். "அல்வா நல்லாருந்தாலும் தண்ணி, கறை போனாலும் தண்ணி. எல்லாத்தையும் தண்ணியே பண்ணிடுதுன்னா உங்க ஊர் ஜனங்க என்னம்மா பண்றாங்க?"

"பேசுவோம் மாமா" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

பாபநாசம் போய் அகத்தியர் அருவியைக் காட்டுவது திட்டம். ஊர் எல்லை தாண்டியதும் இருபுறமும் வயல் விரிந்தது. மாமா ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். வாய்க்கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். பத்தமடையில் அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். "தெரிஞ்ச ஆளு ஒருத்தரு, ஒரு எட்டு பாத்துட்டு வந்துருதேன்" என்று இறங்கிப் போனவர், துணி சுற்றிய நீளமான எதையோ கொண்டுவந்து டிக்கியில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவர் போல ஏறிக்கொண்டார்.

கல்லிடைக்குறிச்சியில் அத்தை அப்பளம் வாங்கினார். அங்கிருந்து படித்துறை பக்கம்தான் என்றதும் மாமா முதல்முறையாக ஆர்வம் காட்டினார். "அருவி இருக்கட்டும். ஆத்தைக் காட்டு. ஒரு முழுக்குப் போட்டாத்தான் எனக்கு ஆறு பிடிபடும்."

ஆறு அன்றைக்கு எங்கள் மானத்தைக் காப்பாற்றியது. மழைக்காலம் முடிந்து, கரைக்கும் கரைக்குமாகத் தெளிந்து ஓடிக்கொண்டிருந்தது. தூரத்தில் மலை நீலமாக நின்றது. படியில் நாங்கள் தவிர யாரும் இல்லை. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது (சொல்லப்போனால், அந்தப் படித்துறையை நானும் அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தேன்).

மாமா வேட்டி சட்டையைப் படியில் கழற்றி வைத்துவிட்டு, துண்டைக் கட்டிக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் இறங்கினார். முதல் முழுக்கிலேயே "ஆஹா" என்றார். அந்த ஒரு ஆஹாவுக்காக மூன்று வருடம் பேசியிருக்கிறேன்!

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். படியில் கிடந்த வேட்டி கண்ணில் பட்டது. அல்வாக் கறை. வருங்கால மாமியார் பார்த்துக்கொண்டிருக்கிறார். நல்ல மருமகளாகத் தெரிய இதைவிட வேறு சந்தர்ப்பம் ஏது? வேட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசிப் படியில் குத்தவைத்தேன்.

ஆற்றில் துணி அலசுவதை நான் பார்த்திருக்கிறேன். அலசியதில்லை. எங்கள் வீட்டில் வாஷிங் மெஷின். வேட்டியை அப்படியே விரித்துத் தண்ணீரில் போட்டதும், அது காற்றடைத்த பந்தல்துணி மாதிரி உப்பி, என் கையைவிட்டு ஒரே இழுப்பில் போனது.

"மாமா! வேட்டி!"

மாமா திரும்பினார். தன் வேட்டி தன்னைக் கடந்து கம்பீரமாகப் போவதைப் பார்த்தார். ஆற்றோடு வாழ்ந்த மனிதர் அல்லவா, யோசிக்கவே இல்லை, இரண்டு கையையும் வீசி ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தார். வேட்டி கிடைக்கவில்லை. அவர் மறுபடி தலையைத் தூக்கியபோது, வேட்டிக்குப் பின்னாலேயே ஒரு சிவப்புத் துண்டும் போய்க்கொண்டிருந்தது.

பிறகு, கழுத்துக்கு மேல் மட்டும் தெரிந்த மாமா, வேலையில் இருந்தபோது மதகுக் காவலர்களிடம் பேசிய குரலில் கத்தினார்: "யாரும் இந்தப் பக்கம் திரும்பாதீங்க!"

நானும் அத்தையும் மலையைப் பார்த்து நின்றுகொண்டோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் ஆண்கள் கூட்டம் போட்டார்கள். ரகு போட்டிருந்தது ஜீன்ஸ். அப்பா, வாழ்க்கையில் வேட்டி மிகவும் தேவைப்பட்ட நாளில், பேண்ட் போட்டிருந்தார். மைதீன் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வது கேட்டது.

"எப்பவும் மாத்திக் கட்ட ஒரு சாரம் வண்டியில கிடக்கும் அண்ணாச்சி. புது ஆளுக வாராகன்னு இன்னைக்குப் பாத்து எல்லாத்தையும் தொடச்சு எடுத்து வீட்ல போட்டுட்டேனே! பதறாதீங்க, பக்கத்துல அம்பையில போயி ஒரு வேட்டி வாங்கிட்டு ஓடியாந்துருதேன்."

"அதுவரைக்கும் நான் இங்கயே நிக்கறதா? குளிருதுய்யா!" என்றார் மாமா. பிறகு கொஞ்சம் கலவரமான குரலில், "என்னமோ கடிக்குது" என்றார்.

"மீனு மாமா" என்றேன் மலையைப் பார்த்தபடியே. "கடிக்காது, சும்மா கொத்தும். எங்க ஆத்து மீன் ரொம்ப..."

"மதி" என்றான் ரகு. "போதும்."

என் துப்பட்டாவைக் கழற்றிப் பின்பக்கமாக நீட்டினேன். அத்தை அதை விரல்களுக்கிடையில் வைத்துப் பார்த்துவிட்டு, "வேண்டாம்மா. எல்லாம் தெரியும்" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் வாளியும் சோப்புமாக நாலைந்து பெண்கள் பேசிக்கொண்டே வருவது தெரிந்தது. ரகு சொன்னதும் மாமா தாடைவரை அமிழ்ந்தார்.

அப்பா தொண்டையைச் செருமினார். "மைதீனு, டிக்கியத் திற" என்றார், ஏதோ நிலத்தை விற்கச் சம்மதித்தவர் போல.

துணியைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. ரகு எதையோ தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. "பெல்ட்டைக் கழட்டுடா" என்கிற குரலும் கேட்டது. பிறகு, "ம், திரும்பலாம்."

திரும்பினோம். மாமா படியேறி வந்துகொண்டிருந்தார். மேலே மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கீழே, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை, பளபளவென்று சிவப்புக்கரை போட்ட பத்தமடைப் பட்டுப்பாய். அதன்மேல் ரகுவின் பெல்ட். அந்தப் பாய் துணி மாதிரி மடங்கும் என்று நான் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். உண்மைதான். நன்றாகவே மடங்கியிருந்தது.

அத்தை மாமாவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உதடு அசைந்தது.

"என்னடி முணுமுணுக்கறே?"

"படிக்கிறேன்."

"எதை?"

"உங்களைத்தான். முன்பக்கம் ரகுராமன்னு இருக்கு. பின்பக்கம் காந்திமதின்னு இருக்கு."

என் தலைக்குள் பெரிய ஓசை ஒன்று கேட்டது (இசைத்தூணில் வராத அத்தனை சுரமும் சேர்ந்து வந்தது). பத்தமடையில் கல்யாணத்துக்கென்று சொல்லிவைத்தால் மாப்பிள்ளை பெண் பெயரைப் பாயிலேயே நெய்து கொடுப்பார்கள். எங்கள் கல்யாணப் பேச்சு இன்னும் தொடங்கவே இல்லை. மாமா ஊரைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார். அப்பா பாயையே நெய்து வாங்கிவிட்டார்!

மாமா குனிந்து தன்னைத் தானே படிக்க முயன்றார். பாய் குனிய விடவில்லை. நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார்.

அப்பாவின் முகம் வேர்த்திருந்தது. "இல்ல அண்ணாச்சி... நெய்யதுக்கு நாளாவும்லா. நல்லதா முடிஞ்சா, கையில இருக்கட்டுமேன்னுதான்..."

"முடியலேன்னா?"

இந்தக் கேள்விக்கு என் அப்பா யோசிக்காமல் சொன்ன பதிலை என்னால் இன்றும் நம்ப முடியவில்லை.

"அதுக்கென்ன, பாயி வீணாப்போவாது. காந்திமதிங்கது எங்க ஊர்ல வீட்டுக்கு ஒரு பேரு. ரகுராமன்னு ஒரு மாப்பிள்ளை கிடைக்காமயா போயிருவான்?"

முதலில் சிரித்தது அத்தை. படியில் உட்கார்ந்து, அப்பளப் பொட்டலத்தை மடியில் அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அடுத்து மைதீன் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார். வாளியோடு வந்த பெண்களில் ஒருத்தி, "ஏ யக்கா, மாப்பிள்ளையப் பாரு, பாய்லயே சுத்திக் கூட்டிட்டு வந்துட்டாக" என்றாள். மாமா வெகுநேரம் உதட்டைக் கடித்து நின்று பார்த்தார். முடியவில்லை. சிரித்துவிட்டார்.

பாய் கட்டியவர் காரில் உட்கார முடியாது. அது அன்றுதான் எனக்குத் தெரியும். பின் சீட்டைச் சாய்த்து மாமாவை நீளவாக்கில் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம். வீரவநல்லூரில் ரகு இறங்கி ஒரு வேட்டி வாங்கிவந்தான். "காருக்குள்ள எப்படிடா மாத்தறது? வீட்டுக்குப் போயி கட்டிக்கறேன்" என்று அதைத் தலைக்கு வைத்துக்கொண்டார். அருவி பார்க்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

நான் முன் சீட்டில் கல்லாக உட்கார்ந்திருந்தேன். எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். ஒரு மனிதரின் வேட்டியைக் கறையாக்கி, ஆற்றில் விட்டு, அவரை மீனுக்குக் கொடுத்து, பாயில் சுருட்டிக் கொண்டுபோகிற வீட்டில் யார் பெண்ணெடுப்பார்கள்?

சேரன்மகாதேவி நெருங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா காந்திமதி."

அவர் என்னை முழுப்பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல் தடவை.

"என் வேட்டி எவ்வளவு சீக்கிரம் அந்தப் பாறையத் தாண்டிச்சு, பாத்தியா?"

"மன்னிச்சுக்கிடுங்க மாமா."

"அட, அதை யாரு கேட்டா? தை மாசத்துல இந்த ஓட்டம்! அடியில பாறை, அதான் அந்த இழுப்பு. வாய்க்கால்லயும் பாத்தேன், கடைமடைக்கும் தண்ணி ஏறியிருக்கு." தலைக்கு வைத்த வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "ஆறுதாம்மா. ஒத்துக்கறேன்."

அப்பா முன்னால் பார்த்தபடியே மெல்லப் பேண்ட் பொத்தானைத் தளர்த்தி, காலையிலிருந்து பிடித்திருந்த மூச்சை விட்டார்.

வீட்டு வாசலில் அம்மா காத்திருந்தாள். கண்ணாடி போடவில்லை. இருபக்கமும் தாங்கி இறக்கப்பட்ட மாமாவைப் பார்த்து முகம் மலர்ந்து, "பட்டு எடுத்து உடுத்தியே கூட்டிட்டு வந்துட்டீங்களா? கரை நல்லாருக்கு" என்றாள். மாமா அன்று சொதியை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவியதும், நல்ல நாள் பார்க்கச் சொன்னார்.

கல்யாணம் நெல்லையில்தான் நடந்தது. அருவியை மாமா பிற்பாடு பார்த்தார், எங்களில் யாரையும் வழிகாட்ட விடாமல். இப்போது தஞ்சாவூர்ச் சொந்தக்காரர்கள் இந்தப் பக்கம் கிளம்பினால், எங்கே குளிப்பது, எந்தப் படித்துறையில் இழுப்பு அதிகம், எந்த மாதத்தில் வரலாம் என்று போனில் வகுப்பெடுப்பது அவர்தான். திருநெல்வேலிக்காரர்கள் தோற்றார்கள், அப்படி ஒரு பெருமை அடிப்பு. ஒருவர் "நம்ம காவேரியை விடவா?" என்று கேட்டுவிட்டாராம். "காவேரி எனக்கு எவ்வளவோ குடுத்திருக்கா. ஆனா எங்கிட்டேருந்து உரிமையா எடுத்துக்கிட்டது தாமிரபரணி ஒருத்திதான்" என்றாராம் மாமா.

எங்களுக்குப் பெண் பிறந்தபோது தஞ்சாவூரே 'காவேரி' என்று பெயர் எதிர்பார்த்தது. தொட்டிலுக்கு அருகே குனிந்து குழந்தையின் காதில் பெயர் சொன்னவர் மாமா. "பரணி" என்றார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். நான் அழுதேன். என் அப்பா எல்லோரையும் பார்த்து மீசையைத் தடவினார்.

போன ஜூனில் அவளை முதல் வகுப்பில் சேர்த்தோம். முதல் நாள் அவளுடைய ஆசிரியை, "பரணியா? அழகான பேரா இருக்கே, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டிருக்கிறார்.

என் மகள் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாளாம்: "எங்க தாத்தா வேட்டியத் தூக்கிட்டுப் போன ஆறு, மிஸ்!"